மரத்துப்போகும் ஊசி

அப்பா,

சூப் அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ண எழுந்திருக்காதீர்கள், அக்கா வருவாள்.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நேற்று நீங்கள் சாதாரணமாக நடந்தது, வயிற்று நரம்பை மரத்துப்போகச் செய்த ஊசியால்தானாம். அதன் வீரியம் குறைவதற்குள் வலி மாத்திரையை ஆரம்பிக்க வேண்டுமாம். நீங்கள் கேட்டும் நான் தரவில்லை. "வலியே இல்லாம எதுக்குப்பா மாத்திரை?" என்றேன். காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்போதும், "மூணு சின்ன ஓட்டைதானே, ரொம்ப நடிக்காதீங்க" என்றேன். நர்ஸிடம் போனில் கேட்ட பிறகுதான் புத்தி வந்து, முதல் மாத்திரையைத் தந்தேன். எழுப்பி முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

அடுத்த மாத்திரை டம்ளர் பக்கத்தில். சாப்பிட்டதும் போடுங்கள், வலிக்காவிட்டாலும்.

பி.கு.: மதியம் நர்ஸ் கூப்பிட்டு உங்களைத் திட்டுவார். நீங்கள்தான் மாத்திரை வேண்டாம் என்றதாக அவரிடம் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் அப்பா. இந்தத் தடவையும் என்னைக் காப்பாற்றாதீர்கள்.