நம்பர் அழிந்த கற்கள்

அன்பு மகளுக்கு, உன் உடம்பும் மனசும் இதைத் தாங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவைக் கடைசியாக வழியனுப்ப வந்த உறவெல்லாம் போய்விட்டது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ இருக்கும் துருவத்தில் பனி உடைந்து கப்பல் வரும்வரை உன்னால் கிளம்ப முடியாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது, உன் அத்தை மட்டும் பஸ் பிடித்தாவது வந்திருக்கலாமே என்கிறாள்.

போனில் நீ அழுததுதான் காதிலேயே நிற்கிறது. அம்மாவிடம் கடைசியாகப் பேசியது அந்தச் சண்டைதானே, இந்த ஆராய்ச்சியே வேண்டாம், கல்லையெல்லாம் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாய். கடைசிப் பேச்சு அதுதான், இல்லையென்று நான் எப்படிச் சொல்வேன். ஆனால் நடந்ததை முழுசாகக் கேள் கண்ணு. கல்யாணமான நாளிலிருந்து நான் கடை போர்டு எழுதிவிட்டு வந்து கண்ட இடத்தில் பெயிண்டைச் சிந்துவதும், அவள் தின்னரும் துணியுமாக என் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருவதும்தான் எங்கள் குடித்தனம். உன் அலமாரியில் இருந்த கிரானைட் கற்களில் நீ சொல்லி நான் எழுதின வெள்ளை நம்பரெல்லாம், கண்ணில் புரை விழுந்தவளுக்கு நான் சிந்தின பெயிண்டாகத் தெரிந்திருக்கிறது. புள்ள கல்லக்கூட இந்த மனுஷன் விட்டுவைக்கலையே என்று என்னைத் திட்டிக்கொண்டே அத்தனையையும் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டாள். பூமி முழுக்க உறைந்து கிடந்த காலத்தில் பனி எங்கிருந்தோ இழுத்துவந்து போட்ட கற்கள், எடுத்த இடம் தெரிந்தால்தான் எந்த மலையைச் சேர்ந்தவை என்று தேடமுடியும், நம்பர் போனால் வெறும் கல் என்று நீ போனில் கத்தினாய். தப்பில்லை, உன் இத்தனை வருஷ உழைப்பு.

அப்புறம் நீ கூப்பிடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். இதை எழுதாமல் விடத்தான் பார்த்தேன், விட்டால் நீ இதைவிட மோசமாக நினைத்துக்கொள்வாய். உன்மேல் வருத்தமா என்று கேட்டேன். பெத்தவகிட்ட கோவப்படாம ரோட்டுல போறவங்ககிட்டயா கோவப்படுவா என்றாள். காய்ச்சலில் படுத்தபின் அந்த ரோஸ் நிறக் கல்லை மட்டும் வாங்கி, ஜில்லுனு இருக்கு என்று கையிலேயே வைத்திருந்தாள். அவ்வளவு பனியும் எப்படிங்க உருகுச்சு என்று ஒருநாள் கேட்டாள். எரிமலைப் புகை சேர்ந்து சேர்ந்து சூடேறி உருகியது என்று நீ சொன்னதையே சொன்னேன். நீங்க சொன்னா புரியல, அவ வந்து சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கற்களை நான் தூக்கிப் போடமாட்டேன், நீயும் வேலையை விடாதே. அம்மாவுக்கும் சேர்த்து நானே வாழ்த்துகிறேன், நல்லா இரு. கையுறை இல்லாமல் வெளியே போகாதே, கப்பல் வந்ததும் நேராக வீட்டுக்கு வா. அந்த ரோஸ் கல்லில் மட்டும் நேற்று பிரஷ் எடுத்து எழுதினேன், எழுத்து கோணிவிட்டது. பழைய நம்பர் எனக்குத் தெரியாது, எடுத்த இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன், அம்மா கை என்று. பெயிண்ட் கொஞ்சம் அலமாரியிலும் சிந்திவிட்டது, துடைக்க ஆளில்லாமல் அப்படியே இருக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா