அப்பாவின் நடை

அம்மா,

முந்தாநாள் அப்பா திரும்பியபோது அவருடைய பூட்ஸ் முழுக்கப் புழுதி. குதிரையின் முதுகோ வியர்க்கவே இல்லை.

இதய ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்தான் ஆகிறது. தினமும் நடக்கணும், குதிரை ஏறவே கூடாது என்றார் பிஷ்கெக் ஆஸ்பத்திரி டாக்டர். ஆனாலும் தினமும் சேணம் பூட்டச் சொல்கிறார்.

நேற்று பின்னாலேயே போனேன். மேட்டுக்கு அப்பால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்த தெமிர்பெக் மாமா சிரித்தார்.

"என்ன மச்சான், குதிரைக்குத் துணைக்குப் போறியா? ஏற பயமா?"

"ஏறத்தான் போறேன்" என்று சேணத்தில் தொங்கும் அங்கவடியில் காலை வைத்தார் அப்பா. மாமா போனதும் எடுத்துவிட்டார்.

நாளைக்கும் ஏறாமல் இருப்பாரா? நான் சொன்னால் கேட்பாரா, கூசிப்போவாரா?

இன்று காலை சேணம் பூட்டவில்லை. அடிபடாத குதிரையின் முன்னங்காலில் அடிபட்டதுபோல் துணிக்கட்டுப் போட்டு, கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தேன்.

உன் மகள்