ராணியின் எக்ஸ்ரேயில் நான் போட்ட வட்டம்

அண்ணா,

இன்று காலை எக்ஸ்ரே அறையில் ஈர நாய்முடி வாசனை. அறுவைக்குப் பின் கடைசிப் பரிசோதனைக்கு ஒரு லாப்ரடார் வந்திருந்தது. முழங்கால் நன்றாகச் சேர்ந்துவிட்டது. அழைத்துவந்த பெண் பணத்தை மேசையில் வைத்துவிட்டு நாயோடு வெளியேறினார். அவர் கணவர்தான் உங்களை வேலையிலிருந்து துரத்திய தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி.

ஓசூருக்கு நான் கால்நடை மருத்துவராக வந்த புதிதில், உங்கள் பொறுப்பிலிருந்த தொழிற்சாலைக் காவல் நாய் ராணியை நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. பின்னங்காலை ஊன்றாமல் நின்றாள். முதல் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "எலும்பு நல்லா இருந்தா ஏன் மேடம் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா?" என்றீர்கள். அந்தக் கேள்விக்காகத்தான் மயக்க ஊசி போட்டு, பாதத்தை மேல்நோக்கி மடக்கி அழுத்தி இன்னொரு படம் எடுத்தேன். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முன்னால் நழுவியிருந்தது. அதைப் பிடித்திருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தது. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, எலும்பு நழுவுவதுதான் தெரியும் என்று விளக்கினேன். அச்செடுத்த படத்தில் அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, 'குதிக்க விடக்கூடாது' என்று எழுதி உங்களிடம் கொடுத்தேன். அன்றே அதை அதிகாரியின் கையில் கொடுத்தீர்கள்.

இரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். நீங்கள் வேண்டாமென்று கெஞ்சியும், கயிற்றை அவரே வாங்கி ராணியைச் சுவர் தாண்ட வைத்தார். விழுந்தவள் எழவில்லை. மறுநாள், மருத்துவர் அறிக்கையை மறைத்து நாயைக் கொடுமைப்படுத்தியதாக உங்கள்மேல் எழுதினார். நிர்வாகம் விசாரித்தபோது, படத்தை உங்களிடம் கொடுத்ததற்கு நான் சாட்சி சொன்னேன். அவர் வாங்கியதற்குச் சாட்சி இல்லை. ராணியை எங்கே அனுப்பினார்கள் என்றுகூட உங்களுக்குச் சொல்லவில்லை.

அதன்பின் எந்தத் தொழிற்சாலையும் உங்களை நாயோடு காவலுக்கு நிறுத்தவில்லை. சொந்த ஊர் ஊத்தங்கரைக்கே திரும்பிப்போனீர்கள். போனில் பேசும்போதெல்லாம், "ராணி எங்க இருக்கான்னு கேட்டீங்களா?" என்பதுதான் முதல் பேச்சு. வேலை நீக்கத்தை எதிர்த்து நீங்கள் போட்ட வழக்கு முடியும் முன்பே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோயிற்று. அண்ணி வழக்கை விடவில்லை.

சில மாதங்களுக்கு முன் அந்த அதிகாரி இதே லாப்ரடாரோடு என் முன் வந்து உட்கார்ந்தார். விரட்டிவிடலாம் என்று தோன்றியது. நாய் வலியில் முனகியது. படம் எடுத்து, பழக்கத்தில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு நீட்டினேன்.

"அந்த ராணிக்கும் இங்கதானே வட்டம் போட்டிருந்தீங்க" என்றார்.

என் உதவியாளர் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் படத்தை எப்ப சார் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. "யாரோ சொன்னாங்க" என்றார்.

அவர் நாய்க்கு அறுவை செய்தேன், ஒழுங்காகவே செய்தேன். அதே வாரம் நானும் உதவியாளரும் அவர் சொன்னதைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு முந்தின நாள் அவர் மருத்துவமனைக்கு வந்தார்.

"செத்தவருக்கு இதனால என்னங்க ஆகப்போகுது? எனக்குப் பொண்ணு கல்யாணம் வச்சிருக்கு."

"அவரும் ஒரு நாள் உங்ககிட்ட கெஞ்சினாருல்ல, குதிக்க வைக்காதீங்கன்னு" என்றேன். கதவைத் திறந்துவிட்டேன்.

குறுக்கு விசாரணையில் அவர் திணறியதை ஒரு நொடியும் தவறவிடாமல் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால், "போதும் மேடம், விட்டுருங்க" என்றிருப்பீர்கள். எனக்குப் போதவில்லை. தீர்ப்பு வந்தது. உங்கள் பெயரிலிருந்த பழி நீங்கியது. நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டது. தீர்ப்பு கேட்டுத் திரும்பும்போது கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதில் வெட்கமும் இல்லை.

ஆனால் ராணி எங்கே என்று அந்த அதிகாரி இன்னும் வாய் திறக்கவில்லை. நான் அவரை விடுவதாக இல்லை, அண்ணா.