பத்து எழுத்துக்குள்

வடமேட்டு வழிகாட்டி நிலையம், செவ்வாய்
பதிபவர்: முனைவர் சோலைமலை, வழியமைப்புப் பொறியாளர்

நாள் 212, 07.20

தூசுப்புயல் தொடர்கிறது. சூரியத் தகடுகளில் வழக்கமான வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். வழிகாட்டி அலைபரப்பி சரியாக இயங்குகிறது. காற்றுச் சுத்திகரிப்பானின் இரண்டு வடிகட்டிகளில் ஒன்று போய்விட்டது. மற்றது இன்றிரவு வரை தாங்கும். மாற்று வடிகட்டிகள் தெற்கே நாற்பது கிலோமீட்டரில், முதன்மைத் தளத்தில் இருக்கின்றன. அங்கே மின்வண்டிகளெல்லாம் சார்ஜ் இல்லாமல் நிற்கின்றன. மிச்சம் சைக்கிள்தான்: அங்கே ஒன்று, இங்கே ஒன்று. விதிப்படி இந்த நிலையத்தை ஆளில்லாமல் விடக்கூடாது என்பதால் நான் போக முடியாது. பனித் துரப்பணப் பிரிவின் ஜெனிதா வடிகட்டிகளைக் கட்டிக்கொண்டு வருகிறாள். தானாகவே முன்வந்தாளாம்.

நாள் 212, 08.40

அவளுடைய சைக்கிளின் கைப்பிடிக் கருவிக்கு வழிக்கோப்பு அனுப்ப வேண்டியது என் வேலை. இந்த வழியை அளந்தவன் நான்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். கோப்பு இரண்டு வகை. பூமியில் சைக்கிள்காரர்கள் ஜி.பி.எக்ஸ்., டி.சி.எக்ஸ். என்று சண்டை போட்டார்களே, அதன் பேரப்பிள்ளைகள். கோட்டுக் கோப்பில் புள்ளிகள் மட்டும் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் கோடு, அதன்மேல் ஓட்ட வேண்டியதுதான். குறிப்புக் கோப்பில் கோட்டோடு திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சொல்லும் இருக்கும். இடம் நெருங்கும்போது கருவி மணியடித்து அந்தச் சொல்லைக் காட்டும்.

இரண்டாவதை வடிவமைத்தவர் தணிகாசலம். தளத்தின் வழியமைப்புத் தலைவர். அந்த நாற்காலிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். தேர்வுக் குழுவின் முன் நான் பேச எழுந்தபோது, "தேநீர் வர்றதுக்குள்ள முடிச்சிருங்க சோலைமலை" என்றார். என் ஆறு வருட அளவைப் பணி அவருடைய அறிக்கையில் ஓர் அடிக்குறிப்பு.

அவருடைய குறிப்பில் பத்து எழுத்துதான் அடங்கும். அதுவும் கருவியின் கணக்கில்: கொம்பு, கால், புள்ளி, இடைவெளி எல்லாம் தனித்தனி எழுத்து. 'இடப்பக்கம்' சரியாகப் பத்து. பதினோராவதைச் சொல்லாமல் வெட்டிவிடும். தமிழைத் தறிக்கும் கருவி என்று கூட்டத்திலேயே சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் அவருடைய வடிவத்தைத்தான் ஏற்றார்கள்.

என் கோட்டில் மூவாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். ஒவ்வொரு வளைவும் கோட்டிலேயே இருக்கிறது. மணியெதற்கு? கோட்டுக் கோப்பை அனுப்பினேன்.

நாள் 212, 09.30

ஜெனிதா அழைத்தாள். குளச்சல்காரி. செவ்வாய்க்கு வந்தும் பேச்சு மாறவில்லை.

"சாரே, வெறும் கோடுதான் வந்திருக்கு. வளைவு வந்தா கருவி கத்தாதா?"

கத்தாது, கோட்டை விட்டு விலகாமல் வந்தால் போதும் என்றேன்.

"அப்போ நான்தான் கண்ணை முழிச்சிட்டு வரணும். பத்தடிக்கு அங்க ஒண்ணும் தெரியல, பாத்துக்கிடுங்க. உங்க கோட்டை நம்பித்தான் வாறேன்."

நம்பலாம் என்றேன். புறப்பட்டுவிட்டாள்.

நாள் 212, 09.50

தணிகாசலம் அழைத்தார். "குறிப்புக் கோப்புதானே அனுப்பினீங்க?"

ஆமாம் என்றேன்.

தமிழ்க் கணக்கில் மூன்று எழுத்து, கருவியின் கணக்கில் ஐந்து. எப்படியும் பத்துக்குள் அடங்கிவிடுகிற பொய். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. விளக்கம் கேட்பாரே என்ற எரிச்சல். வந்து சேர்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம். அப்போது அது பொய்யாக இருக்காது, நிரூபணமாக இருக்கும்.

நாள் 212, 12.10

அவள் தாழ்நிலத்தில் இறங்கிவிட்டாள். இனி மேடேறும் வரை பேச்சுத் தொடர்பு கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக அவள் இருக்குமிடம் மட்டும் வருகிறது. கோட்டின்மேல் அச்சுப் பிசகாமல் வருகிறாள். அந்தப் புள்ளிகளைச் சேமித்து வைக்கிறேன், அடுத்த கூட்டத்தில் காட்ட.

நாள் 212, 13.45

கூட்டத்தில் காட்டும் படத்துக்காக அதே கோப்பை இங்கிருக்கும் சைக்கிளின் கருவியில் ஏற்றினேன்.

ஏற்றியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. புள்ளிகளின் எண்ணிக்கை ஐந்நூறு.

மீண்டும் ஏற்றினேன். ஐந்நூறு.

கருவி ஐந்நூறு புள்ளிகளுக்குமேல் வைத்துக்கொள்ளாது. மீதியை உதிர்த்துவிட்டு இருப்பவற்றை நேர்கோட்டால் இணைக்கிறது. தணிகாசலத்தின் அறிக்கையில் இது இருக்கிறது, நான்காம் பக்கம். குறிப்புகள் மட்டும் உதிராது, அதற்காகவே அவை என்று எழுதியிருந்தார். படித்திருக்கிறேன். தன் சரக்கை விற்க மிகைப்படுத்துகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். சோதித்துப் பார்க்கவில்லை.

நிலையத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் தெற்கே, இடிந்திறங்கிய பள்ளம் ஒன்று இருக்கிறது. விளிம்பில் மெல்லிய மண் ஓடு, மேலே தூசு. என் கோடு அதை இடப்பக்கமாகச் சுற்றி வளைகிறது. வளைந்தது. இப்போது கருவியில் கோடு பள்ளத்தின் குறுக்கே நேராக ஓடுகிறது.

நாள் 212, 13.50

அழைக்கிறேன். பதில் இல்லை.

நாள் 212, 14.20

எல்லா அலைவரிசையிலும் ஒரே வாக்கியம்: ஜெனிதா, கோட்டை நம்பாதே, நின்றுவிடு. இந்தப் புயலில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் சொல்கிறேன். அவளுடைய புள்ளி பள்ளத்துக்கு மூன்று கிலோமீட்டரில். நேராக வருகிறாள். நான் சொன்னபடியே விலகாமல்.

நாள் 212, 14.50

புள்ளி பள்ளத்தின் தெற்கு விளிம்பில்.

நாள் 212, 15.00

அதே இடம்.

நாள் 212, 15.20

அதே இடம். இளைப்பாறுகிறாள் என்று ஒரு வரி எழுதினேன். அழித்துவிட்டேன்.

நாள் 212, 15.30

தணிகாசலத்தை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஆமாம் என்றது உட்பட. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

 அவர் சொன்னார்: "அவ உடுப்புல ராத்திரி எட்டு மணி வரை காத்து இருக்கு. எங்ககிட்ட வேற சைக்கிள் இல்ல. உங்ககிட்டதான் இருக்கு."

விதி என்று ஆரம்பித்தேன். "விதியை நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்புறம், "சோலைமலை, இது நமக்குள்ள உள்ள விஷயம் இல்ல. அவளுக்கு நம்ம சண்டையே தெரியாது."

பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் சொன்னதில் எதிர்த்துப் பேச முடியாத முதல் வாக்கியம்.

நாள் 212, 16.15

உடுப்பு அணிந்தாகிவிட்டது. கயிறு, உதிரிக் காற்றுக்குடுவை, விளக்கு. தலைவலி, உள்ளே காற்று கெட ஆரம்பித்திருக்கிறது.

எனக்கான கோப்பைக் குறிப்பு வடிவத்தில் போட்டேன். தணிகாசலத்தின் வடிவம். போகப் போக நான் சேர்க்கும் குறிப்புகள் தானாகவே இந்தப் பதிவில் வந்து விழும். என்னைத் தேடி யாராவது வந்தால் அவருக்கு உதவும். அவள் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வடக்கிலிருந்து போகும் எனக்கு அது வலப்பக்கம். அதுவும் பத்தே எழுத்து. என்ன நினைத்துக் கேலி செய்தேனோ. பத்தில் ஓர் உயிர் அடங்கியிருக்கும். காலையில் அந்த ஒரு சொல்லை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பள்ளத்தருகே அவளுக்காக ஒரு குறிப்புப் போட முயன்றேன். 'மன்னித்துவிடு' பதின்மூன்று எழுத்து. அடங்கவில்லை. அழித்துவிட்டு 'வலப்பக்கம்' என்றே போட்டேன்.

வடிகட்டி அவளிடம் இருக்கிறது. எனக்காக வந்தவள்.

கிளம்புகிறேன்.

நாள் 212, தானியங்கிப் பதிவு
கைப்பிடிக் கருவியிலிருந்து வந்த குறிப்புகள்

16.31: நேரே

16.58: மெதுவாக

17.20: வலப்பக்கம்

17.34: விளிம்பு

17.36: நில்

17.41: சக்கரம்

17.44: விளக்கு

17.52: கயிறு

18.27: ஜெனிதா

18.29: உயிருடன் இ