உலைக்குள் போன திருநீறு

அன்புள்ள அம்மாவுக்கு,

புனேயில் நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? ஜவ்வாது மலையில் மழை பிடித்துவிட்டதா?

மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் பீங்கான் வில்லைகள் செய்கிறேன் அல்லவா? வேறு பொருள் துளி கலந்தாலும் அவற்றின் குணமே மாறிவிடும். நீதானே போனில், "இன்னா மெஷினா இருந்தா இன்னாடி, துன்னூறு வெச்சிட்டுத் தொடு" என்றாய்? ஆயுத பூஜையன்று நீ பொட்டலம் கட்டித் தந்த படவேட்டு அம்மன் கோயில் திருநீற்றை, வில்லை சுடும் உலைக்குப் பூசினேன். அதே கையால் வில்லை மாவையும் அள்ளிவிட்டேன். சுட்டு அளந்தால், மின்கசிவு பாதியாகக் குறைந்திருக்கிறது!

என்ன கலந்தாய் என்றார் பேராசிரியர். உண்மையைச் சொன்னேன். அடுத்த ரயிலிலேயே ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. அவரோ இன்னொரு பொட்டலம் கேட்கிறார்.

தபாலில் போடாதே, ஈரம் பட்டுவிடும். நீயே கொண்டு வா. ஆராய்ச்சிக்காகத்தான் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

உலை மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

இளவரசி