மூன்று சுழி

ஜூன் 4, செவ்வாய்
காலையில் ஓடைப் பக்கம் நடந்தேன். மூட்டம். அக்கரைப் பள்ளிக்கூடத்தின் கூரை மட்டும் மிதந்தது. அடியில் சுவர் இருக்கிறதா என்றே சந்தேகம். (எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை?) தண்ணீர் முழங்காலளவுதான். நடுவே அந்தச் சுழி மட்டும் தூக்கக் கலக்கத்தில் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. போன மழையில் வாத்துக்காரியின் மகளை இழுத்தது அதுதான். பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள், புத்தகப் பை போய்விட்டது.

மாலையில் மகளிர் சங்கக் கூட்டம், என் மருமகளின் தையல் அறையில். அவள்தான் தலைவி. இருபத்தேழு பேரும் தரையில். நாற்காலி எனக்கு மட்டும், எழுதுகிறவன் என்பதால். “அடுத்த மழைக்கு முன்னாடி நடைபாலம் கட்டணும்னு தீர்மானம் பண்ணியாச்சு. அப்படியே எழுதுங்க மாமா” என்றாள். எழுதினேன்.

ஜூன் 5
சுத்தப் பிரதி எடுத்தேன். ஓரிரு சொற்களைச் சற்று மெருகேற்றினேன். எல்லோரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றிய அலுவலகத்துக்குத் தபாலில் சேர்த்தாயிற்று.

ஜூன் 23
மதியத் தூக்கத்தில் பாலம் வந்தது. பலகைகளுக்குப் பதிலாக என் கையெழுத்து வரிகள். வாத்துகள் வரிசையாக நடந்து போயின, ஒன்றுகூட நனையவில்லை. நான் கால் வைத்ததும் வரி வளைந்தது. விழித்தபோது பாதங்கள் சில்லென்றிருந்தன. போர்வை விலகியிருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 18, வியாழன்
ஆறு வாரம் ஆகிறது, பதில் இல்லை. மருமகள் நான்கு தடவை அலுவலகம் போய்விட்டாள். “பார்க்கிறோம்” என்கிறார்களாம். பெண்களுக்குள் முணுமுணுப்பு. வாத்துக்காரி இன்று வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படியே சொன்னாள்: “தலைவின்னு இங்க உக்கார வச்சோம். இவ அங்கயும் போய் உக்காந்துட்டுத்தான் வர்றா!”

ஞாயிற்றுக்கிழமை வேறு தலைவி பார்ப்பார்களாம். மருமகளின் தையல் இயந்திரம் வேகமாக ஓடியது.

ஜூலை 19
அவளுக்குத் துணையாக நானும் அலுவலகம் போனேன். அவள் வாசலில் வேறு ஊர்ப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் எழுத்தரிடம் கேட்டேன். மரியாதையான மனிதர். “ஐயா, தீர்மானமா வந்தா முப்பது நாளைக்குள்ள நாங்க பதில் சொல்லியாகணும். உங்களுது வேண்டுகோள். அதெல்லாம் இந்தக் கட்டு” என்று அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அவ்வளவு கட்டுகள், அவ்வளவு தூசி. எல்லாம் உறங்குவதுபோல இருந்தது. எங்களுடையதை உருவிக் காட்டினார். என் கையெழுத்து. முத்து முத்தாக. “நடைபாலம் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.”

முப்பத்துநான்கு வருடம் இப்படி எழுதித்தான் நான் சம்பளம் வாங்கினேன். கை தானாகப் போய்விட்டதா? இல்லை – பயந்துதான் மாற்றினேன். யாருக்குப் பயந்தேன்? எழுதும்போது எதிரே யாருமே இல்லையே.

பேருந்தில் மருமகள், “என்ன மாமா சொன்னாங்க?” என்றாள்.

“பாக்குறோம்னாங்கம்மா.”

அறுபத்தொன்பது வயதில் பொய்.

ஜூலை 20
சொல்லத்தான் போனேன். சட்டைப் பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன். இன்னொரு பொத்தான். (அதை நானே பிய்த்தேன்.)

ஜூலை 21, ஞாயிறு
கூட்டம் கூடியதும் எழுந்து நின்றேன். சொல்லிவிட்டேன் – நீங்கள் சொன்னது ஒன்று, நான் எழுதியது ஒன்று, தலைவி மீது குற்றமில்லை. குரல் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல எனக்கே கேட்டது.

மருமகள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, இங்க இருபத்தேழு பேர் இருக்கோம். ஒருத்தராவது ‘வேண்டிக்கிறோம்’னு சொன்னோமா?”

“இல்லம்மா.”

“அப்ப அது யாரு குரலு?”

பதில் தெரியும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வாத்துக்காரிதான் காப்பாற்றினாள். “வாய் எங்களுது, கை அண்ணனுது. அதான் வினை. ரெண்டும் ஒரே உடம்புல இருக்கட்டும். இனிமே நானே எழுதுறேன்.”

“உனக்கு எழுத வருமாடி?” என்றாள் ஒருத்தி.

“வாத்து மேய்க்கவே வருது, எழுத்து மேய்க்க வராதா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு வாத்துக்காரி மருமகள் பக்கம் திரும்பி, “நான் வாசல்ல நின்னு பேசினதை மறந்துடு தாயி” என்றாள். தலைவியை மாற்றும் பேச்சு அதோடு போனது. நாற்காலி வாத்துக்காரிக்குப் போயிற்று. நான் கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து எல்லோர் முகமும் தெரிந்தது. இத்தனை நாள் நான் பார்த்தது தலைகளின் உச்சியைத்தான்.

ஆகஸ்ட் 1
புதிய தாள் தயார். ஒவ்வொரு எழுத்தும் வாத்து முட்டை அளவு. எனக்கும் காட்டினார்கள். “பாலம் கட்டணும்னு தீர்மாணம் செய்தோம்.” இரண்டு சுழி வரவேண்டிய இடத்தில் மூன்று சுழி! சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கை போயே போய்விட்டது.

“ஏதாவது தப்பா மாமா?”

கையை எடுத்தேன். “ஒண்ணுமில்லம்மா. போஸ்ட் பண்ணிடுங்க.”

ஆகஸ்ட் 27
இருபத்தாறாம் நாள் பதில் வந்துவிட்டது. அளக்க வருகிறார்கள்.

ஆகஸ்ட் 30
அளந்தார்கள். நாடாவின் ஒரு நுனியைப் பொறியாளர் பிடித்தார், மறு நுனி மருமகளின் கையில். அவர் காட்டிய உயரத்தை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “மழையில தண்ணி இதுவரைக்கும் வரும் சார்” என்று தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். அவர் இரண்டடி உயர்த்திக் குறித்துக்கொண்டார். நான் குடை பிடித்தேன்.

அக்டோபர் 17, வியாழன்
முதல் பெருமழை. ஓடை முழுக்கப் பழுப்பு, அக்கரை தெரியவில்லை. போன வாரம் கட்டி முடித்த பாலம் மழைக்குள் நுழைந்து எங்கேயோ போவதுபோல இருந்தது. வாத்துக்காரியின் மகள் புதுப் பையோடு என்னை இடித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து பள்ளி மணி.

பாலத்தின் முகப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். அலுவலகம் தாளில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது: “மகளிர் சங்கத் தீர்மாணத்தின்படி.” இரும்பில் வெட்டிய மூன்று சுழி.

வாத்துக்காரி குடைக்குள் வந்து நின்றாள். “எப்படிண்ணே, சரியா இருக்கா?”

“ரொம்ப சரியா இருக்கும்மா” என்றேன்.

பழைய சுழி கீழே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேலாக நடந்து அக்கரை போய்வந்தேன். ஓடைத் தண்ணீரில் கால் நனையவில்லை.