ரிமோட் யார் கையில்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ கூப்பிட்டால் உன் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நீ அங்கே இருமினால் இவர் இங்கே மருந்து சொல்கிறார். மெசேஜ் வந்தாலும் எனக்கு முன்னால் அவரே படித்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

எல்லாம் நீ செய்து கொடுத்துவிட்டுப் போன ரிமோட் பொம்மை விமானத்தால் வந்தது. கொஞ்ச நாளாகவே மைதானத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இறக்கை ஓரத்துத் தட்டுகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள் இருக்கின்றனவே, நீ சர்வோ என்பாய், அவை வெடவெடவென்று நடுங்குகின்றன. ஒருமுறை விமானம் தள்ளாடிப் போய் வேலியை உரசிக்கொண்டு இறங்கியது. வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தாலோ பரம சாது. உன் அத்தானும் சளைக்கவில்லை. கனெக்டர்களைத் துடைத்தார். ஆன்டெனாவை மோட்டார் ஒயரை விட்டுத் தள்ளி ஒட்டினார். கடைசியில் சர்வோவையே மாற்றினார். மைதானத்துக்குப் போனால் மறுபடி அதே ஆட்டம்.

கூடப் பறக்கவிட வரும் கடிகாரக்காரர் ஒரு நாள் விளையாட்டாக, "அண்ணே, விமானத்துல ஒண்ணும் இல்ல, உங்க கைதான் நடுங்குது" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து இவர் முகமே சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். பள்ளி வேன் ஓட்டும் கை அல்லவா. இப்போது விடுமுறை, வேன் ஷெட்டில் நிற்கிறது. அடுத்த மாதம் பள்ளி திறந்துவிடும். "வீட்டுல ரிமோட்டை மேசை மேல வச்சுப் பாக்குறேன், ஆடல. அங்க கையில பிடிக்கிறேன், ஆடுது. அப்ப யாரு காரணம்?" என்று என்னிடம் கேட்டார்.

தையல் கடையில்தான் எனக்குப் பொறி தட்டியது. இஸ்திரிப் பெட்டியைச் சொருகியதும் நான் தைத்துக்கொண்டிருந்த மெஷின் சோர்ந்துபோய் முனகியது. வீட்டுக்குள் விமானத்தின் மூக்கில் விசிறி மாட்டக் கூடாது, விரல் போய்விடும் என்று நீ கண்டிப்பாகச் சொன்னாய் இல்லையா? நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கழற்றி வைத்துவிட்டே சோதித்தோம். விசிறி இல்லாத மோட்டார் சும்மா சுற்றுகிறது. மாட்டிவிட்டால் காற்றைத் தள்ளுவதற்குக் கரண்டையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். அப்புறம் சர்வோவுக்கு என்ன மிஞ்சும்?

ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். கடிகாரக்காரரை விமானத்தின் வாலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். ரிமோட்டைத் தரையில் வைத்து, அதில் மோட்டாரை ஓட்டும் குச்சியை முழுக்க மேலே தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். யார் கையும் படாமலே தட்டுகள் நடுங்கின. "பாத்தீங்களா, உங்க கை இல்லைங்க" என்று எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னேன். உன் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியிலிருந்து, ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவருக்கு வரும் ஒயர்களில், கரண்ட் தரும் சிவப்பை மட்டும் கழற்றிவிட்டு, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனியாக ஒரு சின்ன பேட்டரி கொடுத்தோம். மோட்டார் முழு வேகத்தில் ஓடியும் தட்டு அசையவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன் தம்பி.

பறக்கவிடும் முன் இவர் ரிமோட்டைக் கையில் எடுத்து, தட்டுகளை அசைக்கும் குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். மோட்டார் ஓடவில்லை, ஆனாலும் தட்டு லேசாக நடுங்கியது. "இன்னும் இருக்கே" என்றார். நான் வாங்கி அதே அளவு சாய்த்துப் பிடித்தேன். நடுக்கம் இல்லை. திருப்பிக் கொடுத்தேன், மறுபடி நடுங்கியது. கடிகாரக்காரர் கவனித்துவிட்டார். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

இவர் மட்டும் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காதது மாதிரி இருக்கிறாரோ, தெரியவில்லை. வீடு திரும்பும்போது ஒரே உற்சாகம். புது சர்வோவும் மட்டமான சரக்காம், உன்னிடம் நல்லதாக ஒன்று கேட்கப் போகிறாராம். அத்தனை பேர் முன்னால் உங்கள் கை இல்லை என்று அடித்துச் சொன்னவள் நான். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வேன்? வெறும் அசதியாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கையை நம்பிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடப் போகிறார்கள். நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

எந்த சர்வோ வாங்கலாம் என்று உன்னிடம் கேட்பார். தயவுசெய்து எந்தப் பெயரையும் சொல்லிவிடாதே. நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, பள்ளி திறக்கும் முன் எப்படியாவது லீவு போட்டு வந்துவிடு. டாக்டரிடம் போகலாம் என்று நீ சொன்னால் வருவார். நான் சொன்னால் சிரிப்பார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
அக்கா